எல்லா அஞ்சலும் ஒரே பெட்டிக்கு வருகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள் ஓடும் சர்வர் ஒன்றில் இரண்டு மெய்நிகர் டொமைன்களை நடத்துகிறேன். தனி முகவரிகளைத் திருப்பிவிடுவதில் சிக்கல் இல்லை. எழுத்துப் பிழையோடு வரும் அஞ்சலும் வீணாகக் கூடாது என்று, எந்த முகவரியின் அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் விர்ச்சுவல் அலியாஸ் கோப்பில் '@' குறியுடன் டொமைன் பெயரை மட்டும் இட்டு, என் பெட்டிக்குத் திருப்பினேன். அந்தக் கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் அட்டவணையாக மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையையும் இயக்கினேன். உடனே, சொந்தப் பெட்டி உள்ளவர்களின் அஞ்சலும் என்னிடமே வரத் தொடங்கிவிட்டது! பிறர் கடிதம் என் கண்ணில் படுவது மனத்தை உறுத்துகிறது. அந்த வரியை நீக்கிவிட்டேன்.

அலியாஸ் அட்டவணையைப் பார்த்த பிறகே போஸ்ட்ஃபிக்ஸ் பெட்டிகளைத் தேடுகிறது. ஒவ்வொரு முகவரியையும் அதற்கே திருப்பும் வரி இருந்தால் சரியாகும். ஆனால் பயனர் பட்டியல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது, அடிக்கடி மாறுகிறது. அந்த வரிகளைத் தரவுத்தளத்திலிருந்தே தானாகப் பெறுவது எப்படி? இப்படி அமைத்தவர்கள் தங்கள் வினவலைக் காட்டினால் பேருதவியாக இருக்கும்.