ரோம் கோயில்களுக்குச் சில்லறையோடு போங்கள்

ரோம் போகிறவர்களுக்குக் கொலோசியம், வாட்டிகன் டிக்கெட் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பழங்கால ரோமானியக் கட்டடமான பாந்தியனைச் சுற்றி, நடந்தே பார்த்துவிடக்கூடிய கத்தோலிக்கக் கோயில்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் குறைந்தது பத்து பையில் இருக்கட்டும்.

முதலில் சான் லூயிஜி தேய் ஃபிராஞ்செஸி. உள்ளே போய், இடப்பக்கம் பலிபீடத்தை ஒட்டிய கடைசிச் சிற்றாலயத்துக்கு நேராகப் போங்கள். புனித மத்தேயுவைப் பற்றி இத்தாலிய ஓவியர் கரவாஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. இருட்டாகத்தான் இருக்கும். பக்கத்துப் பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். பலரும் அந்த நேரம் முழுவதும் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்தே தீர்த்துவிடுகிறார்கள். முதல் நாணயத்துக்குக் கண்ணால் பாருங்கள், படம் எடுக்க இரண்டாவது நாணயம் போடுங்கள். கம்பித் தடுப்பைத் தாண்ட முடியாததால் பக்கச் சுவர் ஓவியங்கள் சாய்வாகத்தான் தெரியும். விளக்கொளி பட்டுப் பளபளக்கவும் செய்யும். இடச்சுவர் ஓவியத்துக்குத் தடுப்பின் வலது ஓரம், வலச்சுவருக்கு இடது ஓரம் என்று நகர்ந்து நின்றால் கண்கூச்சம் குறையும்.

இடச்சுவரில் இருப்பது, வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. 1599-1600இல் வரைந்தது. ஓவியத்துக்குள் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுகிறது. அந்தப் பக்கம்தான் பலிபீடமும் அதற்கு மேல் நிஜ ஜன்னலும் இருக்கின்றன. விளக்கு அணைந்த பிறகு ஒரு நிமிடம் நின்று பாருங்கள், அந்தக் கணக்கு புரியும். இதைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது.

*

மேலே சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோ. பயணத் திட்டம் கெட்டுப்போவது அங்கேதான். ரோமில் பெரும்பாலான சிறிய கோயில்களை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிடுவார்கள். திரும்பத் திறக்க மூன்று, நான்கு மணி ஆகிவிடும். அதனால் காலையில் சான் லூயிஜி, நண்பகலில் பாந்தியன், மாலையில் மற்றவை என்று வைத்துக்கொள்ளலாம். பாந்தியன் மதியம் மூடுவதில்லை. 2023 ஜூலையில் அங்கே 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். குவிமாடத்தின் குறுக்களவும் தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் ஏறக்குறைய ஒன்றே, 43 மீட்டர். உச்சியில் உள்ள திறப்புக்குக் கண்ணாடி கிடையாது, மழை நேரே உள்ளே விழும். தரையின் நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும், அங்கே கல்லில் துளைகள் இருக்கும். தண்ணீர் வடிவது அப்படித்தான். மழை நாளில் வழுக்கும், செருப்பு கவனம்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு துப்பட்டா போதும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 64ஆம் நம்பர் பஸ்ஸில் வந்தால் லார்கோ அர்ஜென்டினா நிறுத்தத்தில் இறங்குங்கள். அந்த பஸ்ஸில் பிக்பாக்கெட் ரொம்ப அதிகம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். காகித டிக்கெட்டை ஏறியதும் மெஷினில் பதியாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தாலும் அபராதம்தான்.

*

மாலைக்கு இரண்டு கோயில்கள். சந்த் இஞ்ஞாசியோவில் நடுத்தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அதன் மேல் நின்று அண்ணாந்தால் கூரையில் வரைந்த தூண்கள் நிஜத் தூண்கள்போல் வானத்துக்கு ஏறும். ஐந்தடி தள்ளி நின்றால் எல்லாம் சாய்ந்துவிடும். பலிபீடத்தை நோக்கி இன்னும் நடந்தால் இரண்டாவது அடையாளம். அங்கிருந்து தெரியும் குவிமாடம் தட்டையான துணியில் வரைந்தது. இரண்டுமே ஓவியர் அந்திரேயா பொட்சோ செய்தவை. காசு போட்டு, கூரையைக் காட்டும் கண்ணாடியில் படம் எடுக்க நீளமான வரிசை நிற்கும். அதில் நின்று நேரத்தை விடாதீர்கள், வட்டக் கல்தான் முக்கியம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஜெசு கோயில். ஐந்தேகாலுக்குள் போய் இடப்பக்கம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பீடத்துக்கு எதிரே உட்காருங்கள். அந்தப் பீடமும் பொட்சோவின் வேலைதான். ஐந்தரைக்கு இசையோடு பெரிய ஓவியம் கீழே இறங்க, பின்னால் இருக்கும் சிலை தெரியும். முடிந்ததும் எல்லோரும் வாசலுக்குப் போய்விடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் போகாதீர்கள். நேர் எதிரே, வலப்பக்கப் பீடத்தில், புனித சவேரியாரின் வலது முன்கை இருக்கிறது. உடல் கோவாவில், கை மட்டும் 1614இல் எடுக்கப்பட்டு இங்கே வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. மாலையில் அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.