டெட்லிஃப்ட்: கால்ல தோல் உரிஞ்சாதான் சரியா?

ஹட்டன் இரும்பு:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு: "முன்னங்கால்ல தோல் உரியலைன்னா அது டெட்லிஃப்டே இல்ல." இதைப் படிச்சுட்டு எத்தனை சின்னப் பையன்க காலைக் கிழிச்சுக்கப் போறாங்களோ. டெட்லிஃப்ட்னா ரெண்டு பக்கமும் எடைத் தட்டு (பிளேட்) மாட்டின இரும்புக் கம்பியை (பார்) தரையிலேருந்து நிமிர்ந்து தூக்குறது. தோல் உரிஞ்சா பார் தப்பான வழியில வருதுன்னு அர்த்தம். பார் பாதத்தோட நடுவுக்கு நேர் மேல இருக்கணும். நிமிர்ந்து நிக்கும்போது காலெலும்புக்கும் பாருக்கும் நடுவுல 2.5 செ.மீ. பாரை அசைக்காம குனிஞ்சு பிடிங்க, அப்புறம் முழங்காலை மடக்கி காலைப் பாருக்குக் கொண்டு வாங்க. கால் பட்ட பிறகு இடுப்பை இறக்கக் கூடாது. இறக்கினா முழங்கால் பாரை கால்விரல் பக்கம் தள்ளிடும். தூக்கும்போது அது பின்னால ஆடி வந்து எலும்பைச் சீவும்.

பதுளை பளு:
எழுதினது நான்தான். ஒருத்தர்னு ஏன் மறைக்கணும்? 100 கிலோ பாரம் 3 செ.மீ. முன்னால போனா இடுப்புல கிட்டத்தட்ட 29 நியூட்டன் மீட்டர் திருப்பம், அதாவது உடம்பை முன்னால மடக்கப் பார்க்குற இழுப்பு, கூடும். அதை முதுகுதான் தாங்கணும். அதனால பார் முதல்லயிருந்தே கால்ல ஒட்டணும். ஒட்டினா உரசும். உரசினா தோல் போகும். 2.5 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்றது பயந்தவங்களுக்கு.

ஹட்டன் இரும்பு:
நிக்கும்போது 2.5 செ.மீ. தூக்கும்போது இல்ல. தூக்கும்போது பார் காலைத் தொட்டுக்கிட்டேதான் வரும். தொடுறது வேற, சீவுறது வேற.

நானுஓயா தம்பி:
அண்ணே, நிறைய ஜிம்ல பெரிய பிளேட் இல்லையே. சின்ன பிளேட் போட்டா கால் கூடுதலா உரசுது, ஏன்?

ஹட்டன் இரும்பு:
நல்ல கேள்வி தம்பி. போட்டி பிளேட்டோட விட்டம் 45 செ.மீ. அப்ப பாரோட நடு தரையிலேருந்து 22.5 செ.மீ. பிளேட் 35 செ.மீ.ன்னா பார் 17.5லயே கிடக்கும். அந்த 5 செ.மீ. பள்ளத்துக்கு எல்லாரும் முழங்காலை மடக்கி உக்காருறாங்க, கால் முன்னால சாயுது, பார் எலும்பு மேலயே ஏறுது. ரெண்டு பக்கமும் பிளேட்டுக்கு அடியில 5 செ.மீ. தடிப்பான பலகை வைங்க. பார் உருளாம இருக்க பலகை ஓரத்துல சட்டம் அடிக்கணும். நம்ம பக்கம் தரை சரிவா இருந்தா ஒவ்வொரு தடவையும் பாரை முழுசா நிறுத்தி, 2.5 செ.மீ. பார்த்துட்டு அடுத்தது தூக்குங்க. தரையில தட்டித் தட்டித் தூக்கினா ரெண்டாவது தடவையே இடம் மாறிடும்.

பதுளை பளு:
மறுபடி 2.5. தேயிலைத் தோட்டத்துல நம்ம ஆளுங்க சுமக்குறாங்களே, யார் அடிமட்டம் வச்சு அளந்தா?

ஹட்டன் இரும்பு:
அவங்களை இதுல இழுக்காதீங்க. கொழுந்து நெத்தியில கயிறு போட்டு முதுகுல சுமக்குறது, தரையிலேருந்து பார் தூக்குறது இல்ல. அவங்க முதுகுவலியை நீங்க வாதத்துக்கு முட்டுக் கொடுக்குறது எனக்குப் பொறுக்கல.

பதுளை பளு:
தோட்டத்தைப் பத்திப் பேச ஹட்டன்காரங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? பதுளையில தோட்டம் இல்லையா?

கண்டி தாதி:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு காயத்தைப் பாருங்க. காலெலும்பு மேல சதையே இல்ல, மெல்லிய தோல்தான், அதனால ஆற நாளாகும். ஓடுற தண்ணியிலயும் சோப்பாலயும் கழுவுங்க. கொஞ்சம் வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டு போட்டு, தினமும் மாத்துங்க. பஞ்சை நேரா வைக்காதீங்க, நூல் ஒட்டிக்கும். காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். சிவப்பு பரவினா, சீழ் வந்தா, காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி. ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) கடைசியா எப்பப் போட்டதுன்னு பாருங்க.

பதுளை பளு:
பார்ல துருவே இல்லையே அக்கா, ஏற்பூசி எதுக்கு? காப்பித்தூள் பாட்டி காலத்து வைத்தியம், ரத்தம் நிக்கும்.

கண்டி தாதி:
ஏற்புக் கிருமி துருவுலேருந்து வராது, மண்லயும் சாணத்துலயும் இருக்கு. சப்பாத்தோட ஜிம்முக்குள்ள வர்ற மண்ணே போதும். ரத்தத்தை நிறுத்த சுத்தமான துணியை வச்சு அழுத்துங்க. தூள் காயத்துக்குள்ள அழுக்கா நிக்கும். ரத்தம் பட்ட பாரையும் துடைங்க, அடுத்த ஆள் அதைத்தான் பிடிக்கணும்.

நானுஓயா தம்பி:
அப்ப நீள சாக்ஸ் போட்டா போதுமா அக்கா?

பதுளை பளு:
பார்த்தீங்களா! சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளன விதியிலயே டெட்லிஃப்டுக்கு நீள சாக்ஸ் கட்டாயம். ஏன்? உரசும்னு அவங்களுக்கே தெரியும்.

ஹட்டன் இரும்பு:
உரசும்னு யார் இல்லைன்னா? சாக்ஸ் காலைக் காப்பாத்தும், பார் போற வழியைத் திருத்தாது. ஒரே இடத்துல ஒவ்வொரு வாரமும் பொருக்கு பெயர்ந்தா மூணு விஷயம் பாருங்க: இடுப்பு ரொம்பக் கீழ இருக்கா, கால் அகலமா வச்சு பாரோட சொரசொரப்புப் பகுதி எலும்புல படுதா, இறக்கும்போது முழங்கால் முதல்ல மடங்குதா. இறக்கும்போது இடுப்பு முதல்ல பின்னால போகணும். பார் முழங்காலைத் தாண்டின பிறகுதான் முழங்கால் மடங்கணும். முன்னாடியே மடக்கினா பார் நேரா முழங்கால் சில்லுல வந்து இடிக்கும். அதுக்கு சாக்ஸ் என்ன செய்யும்?

பதுளை பளு:
அவ்வளவு தெரிஞ்சவரு 200 கிலோவுல 2.5 செ.மீ. விட்டுக் காட்டட்டும்.

ஹட்டன் இரும்பு:
200ஓ 60ஓ, நிக்கும்போது 2.5 செ.மீ. எடை கூடினா பாதத்தோட நடு இடம் மாறுமா?

பதுளை பளு:
கால்ல ஒட்டணும். நான் சொன்னது சொன்னதுதான்.