குடலில் பெருகிய மதகுகள்: தம்பியின் நோயோடு எங்கள் அனுபவம்

மன்னார்குடிக்குத் தெற்கே குறுவையும் சம்பாவும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. என் தம்பிக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது, மூலம் என்று சொல்லி எட்டு மாதங்கள் களிம்பு கொடுத்தார்கள். உடல் பாதியாக இளைத்த பிறகுதான் தஞ்சாவூரில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்து, அது பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று உறுதி செய்தார்கள்.

மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருக்கும் ஜூன் மாதங்களில் நோய் மூண்டெழுந்தால், "எல்லாம் மனசுதான், கவலையை விடு" என்பார்கள் உறவினர்கள். நோயைவிட அந்தச் சொல்தான் அவனை அதிகம் வருத்தியது.

எல்லாம் மனசுதானா என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டான். அவர் பொறுமையாக விளக்கினார். குடல் சுவரில் பரவியிருக்கும் நரம்புகள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும், 11 அமினோ அமிலங்கள் கோத்த நியூரோபெப்டைடை, அதாவது நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டை, சுரக்கின்றன. ஆய்லர், காட்டம் என்னும் இரு விஞ்ஞானிகள் 1931இல் அதைக் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாற்றில் கண்டார்கள். மூளைக்கும் குடலுக்கும் பொதுவான ஒரு பொருள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அப்பொருள் வந்து பற்றும் ஏற்பிகள், குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து அறுவை செய்து எடுத்த குடல் துண்டுகளின் சிறு இரத்த நாளங்களிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பன்மடங்கு பெருகியிருந்ததை 1988இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

"வாய்க்காலில் வரும் தண்ணீர் அதே அளவுதான், தம்பி. ஆனால் கரை நெடுக மதகுகள் முளைத்துவிட்டால் வயல் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டார். இரத்த நாளங்கள் விரிந்து நீர் கசிவதும், எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வருவதும் அப்படித்தான் என்றார். கவலை நோயைக் கிளறலாம். ஆனால் நோய் இருப்பது குடலின் திசுவில், அவனுடைய கற்பனையில் அல்ல என்று அவர் அழுத்திச் சொன்னபோது தம்பி கண்கலங்கினான்.

"அந்த மதகை அடைக்க மருந்து இல்லையா டாக்டர்?" என்றான். அதே ஏற்பியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்திக்காக 2003 முதல் பயன்பாட்டில் இருந்தாலும், குடல் அழற்சிக்கு அது இன்னும் சிகிச்சையாக நிலைபெறவில்லை என்றும், இப்போது அவனைக் காப்பது குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரைதான் என்றும் பதில் வந்தது. இரத்தம் நின்றதும் இரண்டு முறை தானாகவே மாத்திரையை நிறுத்தியவன், அன்றிலிருந்து ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.