6 பேர் கலர் வீரர் டீம்: ரோபோவை முதல் சுற்றிலேயே கூப்பிட்டுவிடுகிறார்கள், எப்படிச் சரி செய்வது?

செந்தூல்வாசி:
வணக்கம். ஞாயிறு மதியம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் என்னைச் சேர்க்காமல் 6 பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ரோல்பிளே கேம் விளையாடுவோம். இரண்டு வருடமாக வாள், மந்திரம், குகை என்றே போய்க்கொண்டிருந்தது. இப்போது ஜப்பான் சூப்பர் சென்டாய் டிவி தொடர்களின் பாணியில், ஆளுக்கொரு நிறம், உருமாற்றம், அரக்கன், ராட்சத ரோபோ என்று கேஎல்லில் நடக்கிற ஒரு கதையை நானே எழுதி நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்து எனக்கு உயிரான விஷயம், அதனால் நன்றாக வரவேண்டும் என்று ஆசை. ஆனால் இரண்டு வாரமும் சரியாக வரவில்லை.

என் விதி இதுதான்: தாக்குவதற்கு 20 முகப் பகடை உருட்டி 4 கூட்ட வேண்டும், 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும், அடியின் அளவு இரண்டு 6 முகப் பகடை. அரக்கனுக்கு 60 உயிர்ப் புள்ளி. ரோபோ அடித்தால் நேரே 25.

முதல் வாரம் அரக்கன் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் நிற்கிறான். யாரும் இன்னும் உருமாறக்கூட இல்லை, என் பெரியப்பா மகன் "ரோபோவைக் கூப்பிடுறேன்" என்றான். நிலையத்துக்குள் ரோபோ எப்படி வரும் என்று கேட்டேன். வரக்கூடாது என்று எழுதியிருக்கிறதா என்றான். எழுதவில்லை. மூன்று அடியில் கதை முடிந்தது. இரண்டாம் வாரம் ரோபோவை எடுத்துவிட்டு அரக்கனுக்கு 120 புள்ளி கொடுத்தேன், ஒன்றரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பகடை உருட்டியதுதான் மிச்சம்.

அடுத்த பிரச்சினை சிவப்பு. தலைவன் நிறம் என்பதால் ஆறில் நான்கு பேருக்குச் சிவப்புதான் வேண்டும். சீட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். சிவப்பு கிடைத்தவர் எல்லாருக்கும் கட்டளை போட ஆரம்பித்துவிட்டார். என் அக்கா மகள் படிவம் இரண்டு படிக்கிறாள், இந்த விளையாட்டுக்கே புதிது. இளஞ்சிவப்பு கிடைத்தது, சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள், தன் பாத்திர அட்டையின் ஓரம் முழுக்கக் கலர் பென்சிலால் தீட்டி மூலையில் ஒரு செம்பருத்திகூட வரைந்தாள். சண்டையில் நான்கு முறை அவள் முறை வந்தது, நான்கு முறையும் சிவப்பு "நீ அவனை அடி" என்றார், அவள் அடித்தாள். நாலாவது முறை உருட்டிவிட்டு அட்டையைக் கைப்பேசிக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள். போகும்போது "அடுத்த வாரமும் வரணுமா மாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மனசிலேயே நிற்கிறது.

ரோபோவைத் தடை போடாமல் கடைசியில் வரவைப்பது எப்படி? ஆறு பேருக்கும் வேலை கொடுப்பது எப்படி?

ஜெலுத்தோங்காரன்:
தம்பி, ரோபோ ஏன் கடைசியில் வருகிறது என்று அந்தத் தொடர்களையே கேட்டுப் பாருங்கள். வீரர்கள் அரக்கனை ஒரு தடவை தோற்கடிக்கிறார்கள், அதற்குப் பிறகு அவன் ராட்சதனாக வளர்கிறான், அப்போதுதான் ரோபோ. ஆள் உயரத்தில் இருக்கிற அரக்கனுக்கு ரோபோவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் விதியில் ரோபோ என்பது 25 புள்ளி அடிக்கிற ஒரு ஆயுதம், அவ்வளவுதான். பெரிய ஆயுதம் கையில் இருந்தால் யார்தான் முதலில் எடுக்கமாட்டார்கள்? உங்கள் பெரியப்பா மகன் செய்தது சரி. ரோபோவின் அடி வளர்ந்த அரக்கன்மேல் மட்டும்தான் விழும் என்று ஒரே வரி எழுதுங்கள், தடையே வேண்டாம்.

இன்னொன்று. முதல் தொடர் கோரேஞ்சர், 1975 ஏப்ரலில் ஆரம்பித்தது, இஷினோமோரி ஷோதாரோ உருவாக்கியது. அதில் ராட்சத ரோபோவே கிடையாது. ரோபோ 1979இல் பேட்டில் ஃபீவர் ஜே தொடரில்தான் வந்தது. அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் ரோபோ இல்லாமலே நடத்தினால் ஒன்றும் குறையாது. ரோபோ கிடைப்பதையே ஒரு வாரத்துக் கதையாக வைக்கலாம்.

ராவாங் ரயில்:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 முகத்தில் 11 அல்லது அதற்கு மேல் வரவேண்டும், அதாவது பாதிக்குப் பாதி. அடிக்குச் சராசரி 7. ஆறு பேர் அடித்தால் ஒரு சுற்றுக்கு 21. 120 புள்ளிக்கு ஆறு சுற்று, ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் என்றால் ஒன்றரை மணி. நீங்கள் சொன்ன நேரமேதான். அதைவிட முக்கியம், முதல் சுற்றும் ஆறாவது சுற்றும் ஒரே மாதிரி இருந்திருக்கும். இந்தத் தொடர்களில் சண்டை படிப்படியாக ஏறும், உங்களுடையது ஏறவில்லை.

தேர்ட்டீன்த் ஏஜ் என்ற ரோல்பிளே விளையாட்டில், 2013இல் வந்தது, இதற்கென்றே ஒரு பகடை இருக்கிறது. முதல் சுற்றில் அது இல்லை. இரண்டாம் சுற்று தொடங்கும்போது ஒரு 6 முகப் பகடையை 1 தெரிகிற மாதிரி மேசை நடுவில் வைப்பார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏற்றுவார்கள், வீரர்கள் தாக்கும்போது அந்த எண்ணையும் கூட்டிக்கொள்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நான் ஒன்று சேர்க்கிறேன்: பகடையில் 3 தெரியும்போதுதான் டீமாகச் சேர்ந்து அடிக்கிற இறுதி அடி திறக்கும். அரக்கனுக்குப் பழையபடி 60 புள்ளியே போதும். முதல் சுற்று அரக்கனின் அடியாட்களோடு, ஒரு அடிக்கு ஒருவன் விழுவான். இரண்டாம் சுற்றில் சராசரி 23, மூன்றாவதில் 25, ஆக 48 போய்விடும். நாலாவது சுற்றில் பகடை 3, அரக்கனிடம் மிச்சம் ஏறக்குறைய 12. சரியாக இறுதி அடிக்கு நேரம் வந்துவிடும். அடி விழுந்ததும் வளரட்டும்.

கோம்பாக் தமிழன்:
என் கருத்து வேறு. 20 முகப் பகடை, உயிர்ப் புள்ளி எல்லாம் வாள் கதைக்குச் செய்தது. ஃபேட் ஆக்சிலரேட்டட் பாருங்கள், விதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் திறமை என்று எதுவும் இல்லை, ஒரு காரியத்தை எப்படிச் செய்கிறாய் என்பதுதான்: கவனமாக, சாமர்த்தியமாக, பகட்டாக, பலமாக, வேகமாக, மறைவாக. மொத்தம் ஆறு. உங்களிடம் ஆறு பேர். ஆளுக்கு ஒன்றில் உச்சம் கொடுத்தால் ஒருவர் செய்கிறதை மற்றவர் செய்யமுடியாது.

செந்தூல்வாசி:
அண்ணே, ஆறுக்கு ஆறு பொருந்துவது நன்றாக இருக்கிறது. ஆனால் என் ஆட்கள் இந்த 20 முகப் பகடையோடு இரண்டு வருடம் பழகியவர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பயமாக இருக்கிறது. பகடையை வைத்துக்கொண்டு அந்த ஆறையும் நிறத்துக்கு ஒன்றாகச் சேர்க்கிறேன், தன் வழியில் செய்தால் 2 கூடுதல். சரியா?

கோம்பாக் தமிழன்:
சரி, அதுவும் ஓடும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, எல்லாரும் ரோபோவைப் பற்றியே பேசிவிட்டார்கள், எனக்கு அந்தப் பிள்ளைதான் கண்ணில் நிற்கிறாள். அட்டையை மூடி வைக்கிற பிள்ளை விளையாட்டை வெறுக்கவில்லை. தன்னுடைய முறை தன்னுடையது இல்லை என்று புரிந்துகொண்டுவிட்டாள், அவ்வளவுதான்.

முதலில் சிவப்பு என்றால் தலைவன் என்பதை உடையுங்கள். 1994இல் வந்த காகுரேஞ்சரில் தலைவி வெள்ளை, சுருஹிமே என்ற பெண். சிவப்புக்காரன் சாசுகே அவளுக்குக் கீழேதான். 1981இன் சன் வல்கனில் சிவப்பு உடைக்குள் இருந்த ஆளே பாதியில் மாறிவிட்டான். தலைமையை நிறத்திலிருந்து பிரித்து ஒரு வில்லையாக வையுங்கள், வாரத்துக்கு ஒருவர் கையில் இருக்கட்டும். வில்லை வைத்திருப்பவர் கட்டளை போடக்கூடாது, கேட்கத்தான் வேண்டும். "நீ அவனை அடி" கிடையாது, "உன்னால் என்ன செய்ய முடியும்?" என்று கேள்வியாகத்தான் வாயிலிருந்து வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் குழு வேலைக்கு நான் வைத்திருக்கிற விதி இது, சத்தமான பிள்ளையையும் அடக்கும், வாய் திறக்காத பிள்ளையையும் பேச வைக்கும்.

அப்புறம் அறிமுகம். உருமாறியதும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிற்பார்களே, அதை நீங்கள் வைத்ததாகவே தெரியவில்லை! அந்த வழக்கத்தின் வேர் கபுகி நாடகத்தில் இருக்கிறது. நமக்கும் இது புதிதில்லை, தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றித் தானே பாடிவிட்டுத்தானே சபைக்குள் வருவான்? ஆளுக்கு இரண்டு வரி, தமிழில், எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சொன்னவருக்கு ஒரு பகடை, அன்றைக்கு எப்போது வேண்டுமானாலும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். கூச்சமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கலாம், பகடை எழுதியவருக்கே.

ஜெலுத்தோங்காரன்:
அக்கா சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. கோரேஞ்சரின் இறுதி அடி ஒரு பந்து. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க் கடைசியில் சிவப்பு உதைப்பான். அந்தப் பந்தை முதலில் எடுத்து விடுவது யார் தெரியுமா? மோமோரேஞ்சர், இளஞ்சிவப்பு. அவள் தொடங்காமல் அந்த அடியே கிடையாது. உங்கள் இறுதி அடியை இப்படி வையுங்கள்: பந்து யாரிடம் வருகிறதோ அவர் தன் வழியில் என்ன செய்கிறார் என்று ஒரு வாக்கியம் சொல்லி ஒரு பகடை உருட்டவேண்டும், ஆறு பகடையும் கூடி ஒரே அடி. நம் ஊரில் இதற்குத் தனியாக யோசிக்கவே வேண்டாம், காலால் பிரம்புப் பந்தை உதைத்து ஆடுகிற செப்பாக் தக்ராவ்தான்.

செந்தூல்வாசி:
அண்ணே, அக்கா, இரண்டையும் இந்த வாரமே வைக்கிறேன். கடைசியாக இடம். ராட்சத சண்டைக்குப் பத்துமலை நினைத்திருந்தேன், 272 படிக்கும் 2018இல் கலர் கலராக வண்ணம் அடித்தார்களே, கலர் வீரர்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. முருகன் சிலை 42.7 மீட்டர், ரோபோ அளவுக்குக் கிட்ட.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
படியில் வீரர்கள் ஓடட்டும், குகைக்குள் ஏதாவது தேடட்டும், அழகாக இருக்கும். சிலைக்குப் பக்கத்தில் ராட்சதனை நிறுத்தாதீர்கள். மேசையில் ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவராக இருப்பார், யாரோ "சிலைமேல சாய்ச்சு விடு" என்று சொன்னால் அன்றைக்கு ஆட்டம் கெட்டுவிடும்.

ஜெலுத்தோங்காரன்:
இரட்டைக் கோபுரமும் வேண்டாம். 452 மீட்டர் கோபுரத்துக்குப் பக்கத்தில் 50 மீட்டர் ரோபோ பொம்மை மாதிரி நிற்கும். எங்கள் பினாங்குக்குக் கூட்டி வாருங்கள். ஜார்ஜ் டவுனில் கடைவீடுகள் இரண்டு மாடிதான், அதற்குமேல் ஒரு தலை தெரிந்தால் போதும், பயம் வந்துவிடும். 2008இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம், ஒரு ஓடுகூட உடையக்கூடாது. அதனால் ராட்சதனை அடிப்பதற்கு முன்னால் கடலோரத் திடலான பாடாங் கோத்தா தாண்டிக் கடலுக்குள் இழுத்துப் போகவேண்டும். எப்படி இழுப்பது என்பதே ஒரு சுற்றுக்கு வேலை கொடுக்கும்.

செந்தூல்வாசி:
ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரோபோ இல்லாமல்தான் நடத்தினேன், இடம் மஸ்ஜித் ஜாமெக்கே. அறிமுக வரி எல்லாரும் எழுதி வந்தார்கள், பெரியப்பா மகன் நான்கு வரி எழுதி வந்து நான்கையும் நின்றுகொண்டு சொன்னான். அக்கா மகள் எழுதியிருந்தாள், ஆனால் தாளை என்னிடம் நீட்டினாள், நான் வாசித்தேன். "மழைக்கு முன்னால் வரும் காற்று நான், என்னைக் கண்டால் கதவைச் சாத்து." ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

தலைமை வில்லை இந்த வாரம் என் நண்பர் கையில், பழைய சிவப்பேதான். மூன்று முறை கட்டளையாக ஆரம்பித்து மூன்று முறையும் நிறுத்திக் கேள்வியாக மாற்றிக் கேட்டார். நாலாவது சுற்றில் பகடையை 3க்குத் திருப்பி வைத்தேன். பழைய பிரம்புத் தக்ராவ் பந்து ஒன்று வீட்டில் இருந்தது, அதை அவளிடம் கொடுத்தேன். அவள் வழி மறைவு. பந்தை மேசைக்கு அடியில் உருட்டி விட்டாள், எதிரில் இருந்த நீலத்தின் காலில் போய்ப் பட்டது. "அரக்கன் மேல பாக்கிறான், பந்து தண்டவாளத்துக்குக் கீழே போகுது" என்றாள். மஸ்ஜித் ஜாமெக்கில் ஒரு தண்டவாளம் மேலே, இன்னொன்று பூமிக்கு அடியில் போகிறதே, அதை அவள் பிடித்துக்கொண்டாள். நான் யோசிக்கவே இல்லை. ஆறு பகடையும் கூட்டி 24 வந்தது, அரக்கனிடம் மிச்சம் இருந்தது 14.

ஒன்று மட்டும் இன்னும் இழுக்கிறது. அடியாட்கள் சுற்று கொஞ்சம் நீளம், 12 பேரை வைத்துவிட்டேன். அப்புறம் இன்னொரு நண்பர் சேரவேண்டும் என்கிறார், ஏழாவது ஆள், தங்க நிறம் கேட்கிறார். எப்படி உள்ளே கொண்டுவருவது?

ராவாங் ரயில்:
அடியாட்களை ஆளுக்கு ஒன்றாகக் குறைத்து 6 ஆக்குங்கள், பாதிப் பேர் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் அரக்கன் வந்ததும் ஓடட்டும்.

ஜெலுத்தோங்காரன்:
தங்கத்தை முதலில் எதிரியாக விடுங்கள் தம்பி. 1992இன் ஜூரேஞ்சரில் ஆறாவது வீரன் புராய் சிவப்புக்காரனின் சொந்த அண்ணன், பகையோடுதான் வந்தான். நண்பரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, யாருடைய அண்ணன் என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புக்கு அண்ணன் உண்டா என்று உங்கள் அக்கா மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.