நெல் காய வைக்கும் வீட்டில் பிறந்தும் ஈரப்பதக் கணக்கில் தப்பு: கேட் தேர்வுக்கு எப்படிப் பழகுவது?

மன்னை மல்லி:
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் ஒருமுறை ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்லூரியின் போர்டைப் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை, அதில் சேர இந்த நவம்பரில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலப் பகுதிக்குத் தனியாக அழுதுகொள்கிறேன், அதை விடுங்கள். கேட்க வந்தது கணக்கும் ரீசனிங்கும் பற்றி.

கணக்கு என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு படி விடாமல் எழுதிப் பழகிய கை இது. 40 நிமிஷத்தில் 22 கேள்வி என்றால் மூச்சு முட்டுகிறது. போன ஞாயிறு எழுதிய மாக்கில் (மாதிரித் தேர்வு) 17 தொட்டேன், 8 சரி, அதற்கு 24 மார்க். தப்பான 9இல் 6 கேள்வி ஆப்ஷன் உள்ளவை, அதில் ஆறு மார்க் போச்சு. மிச்சம் 18. ரீசனிங் இன்னும் மோசம். ஒரே புதிரை வைத்துப் பல கேள்வி கேட்பதுதான் ஒரு செட். 5 செட்டில் முதலாவதையே பிடித்துக்கொண்டு 26 நிமிஷம். நாலு கடை, ஐந்து நாள், எந்தக் கடைக்கு எந்த நாள் லீவு என்று ஒரு கட்டம். பாதி நிரம்பியது, மீதி அசையவே இல்லை. இவ்வளவு நேரம் போட்டாச்சே என்று விட்டு வரவும் மனசு வரவில்லை.

வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "1,000 கிலோ தானியத்தில் ஈரம் 22 சதவீதம். காய்ந்து 17 சதவீதம் ஆனபின் எடை என்ன?" 22இல் 17 போனால் 5, ஆக 950 என்று அழுத்திவிட்டேன். முதல் ஆப்ஷனே அதுதான். தப்பு. ஈரம் 17க்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காலால் கிண்டிவிட்டு வளர்ந்தவள் நான்!

தினம் எத்தனை கணக்கு போட வேண்டும்? வேகம் எப்படி வரும்?

டெல்டா எக்ஸ்பிரஸ்:
30 வரைக்கும் வாய்ப்பாடு, 30 வரைக்கும் வர்க்கம், 15 வரைக்கும் கனம் மனப்பாடம் பண்ணிடுங்க. ஏழில் ஒன்று 14.28 சதவீதம், எட்டில் ஒன்று 12.5, இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வரணும். தினம் 100 கணக்கு. வேகம் தானா வரும்.

குடந்தை காசாளர்:
வாய்ப்பாடு வரை சரி நண்பா, தினம் 100 என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் அப்படித்தான் ஒரு வருஷத்தை வீணடித்தேன். அப்போது சேர்ந்திருந்த ஒரு கோச்சிங் சென்டரில் ஷார்ட்கட் மட்டுமே ஒரு புத்தகமாகக் கொடுத்தார்கள். எந்தக் கணக்குக்கு எந்த ஷார்ட்கட் என்று தேடுவதற்கே நேரம் போய்விடும்.

மல்லி, நான் இரண்டு தடவை எழுதியும் ஐ.ஐ.எம். கிடைக்காமல், வேறு கல்லூரியில் படித்துவிட்டு கும்பகோணத்தில் வங்கி வேலையில் இருப்பவன். அடிபட்டவன் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை மார்க் நன்றாகவே ஏறியது. காரணம் ஒரு குயர் நோட்டு. மாக் எழுதிய அன்றே, தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி. "தெரியாது" என்றால் தெரியாது. "கேட்டது மீதி, நான் போட்டது மொத்தம்" என்றால் அதை அப்படியே. இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன்: 60 தப்பில் உண்மையாகவே தெரியாதது 11தான். மற்றதெல்லாம் அவசரம், இல்லாவிட்டால் வீம்பு. உங்கள் 26 நிமிஷம் வீம்புக் கணக்கில் வரும்.

ரீசனிங்கில் முதல் ஐந்தாறு நிமிஷம் பேனாவைத் தொடாதீர்கள். ஐந்து செட்டையும் படியுங்கள். எதற்குக் கட்டம் போடுவது என்று படிக்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறதோ அதில் உட்காருங்கள். "இன்னது இருந்தால்", "இல்லாவிட்டால்" என்று கிளை கிளையாகப் பிரியும் செட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எட்டு நிமிஷமாகியும் புதிதாக ஒரு கட்டம் நிரம்பவில்லையா, எழுந்துவிட வேண்டியதுதான். இரண்டு செட் முழுசாக, மூன்றாவதில் பாதி வந்தாலே நல்ல நிலைமை. ஐந்தையும் போட்டு முடிப்பவர்களைப் பற்றி நமக்கெதற்கு.

மைனஸையும் ஒருமுறை கணக்காகவே பாருங்கள். சரிக்கு 3, தப்புக்கு 1 குறையும், ஆப்ஷன் நாலு. கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்வி அடித்தால் சராசரியில் ஒன்று சரி, மூன்று தப்பு: வந்தது மூன்று, போனது மூன்று. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு ஆப்ஷனை உறுதியாகக் கழிக்க முடிந்தால் கொஞ்சம் லாபம். ஆனால் உங்கள் 950 குருட்டு அடி கிடையாது. அவசரத்தில் நமக்கு என்ன விடை வரும் என்று பார்த்துத்தான் அந்த ஆப்ஷனையே வைக்கிறார்கள். ஆப்ஷன் இல்லாமல் விடையை நாமே டைப் செய்யும் கேள்விக்கு மைனஸ் இல்லை, அதை மட்டும் காலியாக விடாதீர்கள்.

வேகம் என்று கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். ஒரு வயலுக்குத் தண்ணீர் கட்ட பெரிய மோட்டாருக்கு 6 மணி நேரம், சின்னதுக்கு 9 மணி நேரம். பெரியது மட்டும் 2 மணி நேரம் ஓடியபின் சின்னதையும் போட்டால் இன்னும் எவ்வளவு நேரம்? நீங்கள் 1/6, 1/9 என்று பின்னத்தில் இறங்குவீர்கள், சரிதானே? வயலை 18 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். பெரியது மணிக்கு 3, சின்னது 2. ஆறு பங்கு முடிந்தது, மீதி 12, சேர்ந்து ஓடினால் மணிக்கு 5. இரண்டு மணி 24 நிமிஷம். பேனாவே வேண்டாம்.

மாயவரம் வாத்தியார்:
ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கேட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பேத்தி காட்டியதால் எழுதுகிறேன். அம்மா மல்லி, அந்த நெல் கணக்குக்கு விடை இங்கே யாரும் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் போய், காய வைத்தால் மூட்டையில் எது குறைகிறது, எது குறையாமல் இருக்கிறது என்று மட்டும் கேள்.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம். பேப்பரில் மேட்டூர் நிலவரம் வருகிறதல்லவா? நீர்வரத்து விநாடிக்கு 10,000 கன அடி, திறப்பு 18,000 என்று வை. ஒரு டி.எம்.சி. குறைய எவ்வளவு நேரம்? ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. தொட்டியும் குழாயும் என்று புத்தகத்தில் வருவது இதேதான், தொட்டி கொஞ்சம் பெரிசு.

மன்னை மல்லி:
சார், அப்பாவிடம் கேட்டேன். "ஈரந்தானே போவுது, அரிசியா போவுது? அது அப்படியே கெடக்கு" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. ஈரம் இல்லாத பாகம் 780 கிலோ, அது மாறாது. காய்ந்தபின் அந்த 780தான் மொத்தத்தில் 83 சதவீதம். 780ஐ 0.83ஆல் வகுத்தால் 940க்குச் சற்றுக் குறைவு. "60 கிலோ, ஒன்றரை மூட்டை போச்சா" என்று அப்பா அதற்கு வேறு வருத்தப்பட்டார். இங்கே கொள்முதலில் மூட்டை 40 கிலோ.

மேட்டூர்: விநாடிக்கு 8,000 கன அடி குறைகிறது. 100 கோடியை 8,000ஆல் வகுத்தால் 1,25,000 விநாடி, ஏறக்குறைய 35 மணி நேரம். சரியா சார்?

காசாளர் அண்ணா, நோட்டுப் போட்டு மூன்று வாரமாகிறது. நேற்றைய மாக்கில் 12தான் தொட்டேன், 9 சரி, ஆப்ஷன் கேள்வியில் 2 தப்பு, ஆக 25. ரீசனிங்கில் முதல் செட்டை விட்டு எழுந்தேன். எழுந்த பிறகும் மனசு அங்கேயேதான் இருந்தது, அதற்கே இரண்டு நிமிஷம் போயிருக்கும். நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். திருச்சி சென்டர் போட்டிருக்கிறேன். காலை ஸ்லாட் வந்தால் ஊரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போய்ச் சேர முடியுமா?

மாயவரம் வாத்தியார்:
34 மணி 43 நிமிஷம். சரி.

குடந்தை காசாளர்:
காலை ஸ்லாட் 8.30க்கே ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னாலேயே உள்ளே விட்டு வாசலைச் சாத்திவிடுவார்கள். தஞ்சாவூர் வழியாகப் பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போவது ஆகாத காரியம். சனிக்கிழமையே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.