தேர்தல் கூட்டத்துக்குக் காப்பீடு எடுப்பது கட்டாயமா?

வைகைக்கரையான்:
வணக்கம். சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கவிருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நான் தேர்தல் முகவராக இருக்கப்போகிறேன். ஒரு பொதுக்கூட்டம், சில தெருமுனைக் கூட்டங்கள், மூன்று பிரச்சார வாகனங்கள், நாற்பது தொண்டர்கள் என்பதே எங்கள் திட்டம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர்க் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தது முதல், எங்கள் கூட்டத்தில் யாருக்கேனும் ஏதாவது நேர்ந்தால் இழப்பீட்டை எங்கிருந்து கொடுப்போம் என்ற கவலை என்னை விடவில்லை. பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது நம்மால் வெளியாளுக்கு நேரும் பாதிப்புக்கு ஈடுகட்டும் காப்பீடு, சட்டப்படி கட்டாயம் என்று ஒரு காப்பீட்டு ஏஜென்ட் சொல்கிறார். அது சரியா? பிரீமியம் தேர்தல் செலவில் சேருமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
கட்டாயம் இல்லை ஐயா. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தை மனத்தில் வைத்து அவர் சொல்லியிருக்கலாம். அது அபாயகரமான பொருள்களைக் கையாளுவோருக்கு உரியது. நீங்கள் விரும்பினால் நிகழ்ச்சிக் காப்பீடு எடுக்கலாம். மேடை சரிந்தோ பந்தல் கம்பம் விழுந்தோ வெளியாள் காயமடைந்து, அதற்கான சட்டப் பொறுப்பு உங்கள் மீது விழுந்தால், பாலிசியின் வரம்புக்குள் அது ஈடுகட்டும். ஆனால் படிவத்தில் அரசியல் கூட்டம் என்றே எழுதுங்கள். நான் காப்பீட்டு இழப்புகளை மதிப்பிட்ட காலத்தில், கூட்டத்துக்கு வருவோர் எண்ணிக்கை காவல்துறை அனுமதியில் ஒன்றாகவும் படிவத்தில் வேறாகவும் இருந்த கோப்புகள் என் மேசைக்கு வந்ததுண்டு. அவற்றில் காப்பீட்டு நிறுவனத்துடனான இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை முதல் நாளிலேயே கசந்துவிடும். கலவரத்தால் வரும் இழப்பு பாலிசியில் விலக்கப்பட்டுள்ளதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

குட்டியானை:
கூட்டத்தைவிட வாகனத்துக்குத்தான் நான் பயப்படுவேன். சரக்கு வாகனத்தின் பின்புறத்தில் தொண்டர்களை ஏற்றிச் செல்வது நம் ஊரில் வழக்கம். அப்படிக் கட்டணமின்றி ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது. விபத்து நேர்ந்தால் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும். சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு அமர்த்தினாலும் இதே வகைச் சிக்கல் உண்டு. தொண்டர்கள் உங்கள் ஊழியர்கள் அல்லர் என்பதால், அவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு தனியாகக் கேட்டுப் பாருங்கள். பந்தல்காரர் தம் ஆட்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி வைத்திருக்கிறாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடிக்கம்பம் மின்கம்பியில் உரசுவதை எந்தப் பாலிசியும் தடுக்காது.

கணக்கர்:
பிரீமியத்தைச் செலவுக் கணக்கில் காட்டுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, வேட்புமனு நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை தேர்தலுக்காகச் செய்யும் செலவைக் கணக்கு வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். பாலிசியை முன்பே எடுத்திருந்தாலும் அந்த நாள்களில் பயன்படுவதால் காட்டிவிடுவதே பாதுகாப்பு. தேர்தலுக்கென்று தொடங்கிய வங்கிக் கணக்கிலிருந்தே செலுத்தி, ரசீதை வேட்பாளர் பெயரில் வாங்குங்கள். முடிவு வந்த 30 நாள்களுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. தொண்டர்களை மினி பேருந்தில் அழைத்துச் செல்ல முடிவு செய்துவிட்டோம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே காப்பீட்டுப் படிவத்தை நிரப்பப்போகிறேன்.