அம்மாவுக்கு எந்த வாக்கர் சரிவரும்?

அம்மாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்). கூடத்தில் ஓரளவு நடந்துவிடுகிறார். குளியலறை வாசலுக்கு வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது, அதுதான் பயம். அந்த நேரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். தரையில் குறுக்கே நிற டேப் ஒட்டினோம். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழுகிறது. பகலில் சரி, இரவில் கோடு தெரிவதில்லை.

கைத்தடி போதவில்லை. சக்கரமில்லாத வாக்கரைத் தூக்கி வைப்பதற்குள் தடுமாறுகிறார். நான்கு சக்கர வாக்கர் முன்னால் ஓடிவிடுமோ என்று யோசனை. கைப்பிடியை விட்டதும் தானே பிரேக் பிடிக்கும் வகையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? திரும்பும்போது எப்படி இருக்கிறது?

அப்புறம், யாராவது கூட நடந்து வந்தாலே அம்மாவுக்குக் கோபம் வருகிறது. அதைச் சமாளித்தவர்களும் சொல்லுங்கள்.